கேட்ஸ்பி நாவலில் பச்சை மட்டும்தான் இருக்கிறதா?

'தி கிரேட் கேட்ஸ்பி' பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அந்தப் பச்சை விளக்கில்தான் போய் நிற்கிறார்கள். பச்சை என்றால் நம்பிக்கை, வெள்ளை என்றால் தூய்மை, மஞ்சள் என்றால் பணம் என்று நோட்ஸ் புத்தகத்தில் இருப்பது மாதிரி ஒரு பட்டியல். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் ஸ்காட் ஃபிட்ஜெரால்ட் 1925ல் வெளியிட்ட இந்தச் சின்ன நாவலில் எந்த நிறமும் ஒரே அர்த்தத்தில் நிற்பதில்லை. ஆள் மாறினால், தூரம் மாறினால் நிறத்தின் குணமும் மாறிவிடுகிறது.

பச்சை விளக்கையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் புதுப்பணக்காரன் கேட்ஸ்பியின் மாளிகை, அந்தப் பக்கம் அவன் முன்பு காதலித்து இழந்த டெய்சியின் வீட்டுப் படகுத்துறையின் முனையில் அந்த விளக்கு. கேட்ஸ்பி இருட்டில் நின்று அதை நோக்கிக் கை நீட்டுகிறான். சரி, ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சியே அவன் பக்கத்தில் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது? அது வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது! இத்தனை வருடம் அவன் ஏங்கியதில் பாதி அந்தத் தண்ணீரின் அகலம்தான் என்று எனக்குத் தோன்றும். அதே பச்சை, மனைவியின் கள்ள உறவு தெரிந்து நொறுங்கிப்போன கார் மெக்கானிக் வில்சனின் முகத்திலும் வருகிறது. அங்கே எந்த நம்பிக்கையைத் தேடுவது?

என்னைக் கேட்டால் கதையை இழுத்துக்கொண்டு போவது மஞ்சள். தங்கமாக ஆசைப்பட்டு, ஆக முடியாமல் நிற்கும் நிறம். விருந்தில் ஒலிக்கும் இசைக்கே மஞ்சள் பூசியிருக்கிறார் ஃபிட்ஜெரால்ட். டெய்சியை மறுபடி சந்திக்கும் நாளில் கேட்ஸ்பி வெள்ளை சூட், வெள்ளி நிறச் சட்டை, தங்க நிற டை என்று வந்து நிற்கிறான்; பாவம், தன்னிடம் பணம் இருக்கிறது என்பதை உடம்பெல்லாம் சொல்லவேண்டியிருக்கிறது அவனுக்கு. அப்புறம் அந்தக் கார். கதையைச் சொல்லும் நிக் வர்ணிக்கும்போது அது க்ரீம் நிறம், உள்ளே பச்சைத் தோல். அது வில்சனின் மனைவி மர்ட்டிலை அடித்துக் கொன்ற பிறகு சாட்சிகளில் ஒருவர் வெளிர் பச்சை என்கிறார், இன்னொருவர் பெரிய மஞ்சள் கார் என்கிறார். ஓட்டியவள் டெய்சி. ஆனால் வில்சனின் மனதில் பதிந்தது மஞ்சள் கார், அதன் சொந்தக்காரனைத் தேடித்தான் துப்பாக்கியோடு போகிறான்.

வெள்ளைக்கும் இதே கதைதான். வில்சனின் கடை இருக்கும், சாம்பல் குவிந்து கிடக்கும் பள்ளத்தாக்கில் அவன் சூட்டிலும் தலைமுடியிலும் சாம்பல் படிந்து கிடக்கிறது, டெய்சியின் வெள்ளை உடையில் ஒரு துகள் இல்லை. அதை எப்படித் தூய்மை என்று சொல்வது? தான் உடைத்ததை அடுத்தவர் கூட்டி அள்ளட்டும் என்று பணத்துக்குள் போய் ஒளிந்துகொள்பவளின் வெள்ளை அது.

யாரும் பேசாத நிறம் ஒன்று இருக்கிறது, பிங்க். கேட்ஸ்பி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்பதை டெய்சியின் கணவன் டாம் நம்பாததற்குச் சொல்லும் காரணம், அவன் பிங்க் சூட் போடுகிறான் என்பதுதான். பரம்பரைப் பணக்காரனுக்கு அது போதும், இவன் நம்ம ஆள் இல்லை என்று தள்ளிவைக்க. அந்தக் கூட்டம் மொத்தத்தையும் சேர்த்தாலும் உனக்கு ஈடாகாது என்று நிக் கத்திச் சொல்லும் கடைசிக் காலையிலும் கேட்ஸ்பி பிங்க் சூட்டில்தான் நிற்கிறான், வெள்ளைப் படிகளுக்கு எதிரே அது பளிச்சென்று தெரிகிறது. டாம் கேவலமாகப் பார்த்த நிறத்தையே நிக் எவ்வளவு பிரியமாகப் பார்க்கிறான், இதைப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?