விண்வெளியில் நிறுத்திவைத்த விண்கலம் புதுசாகவே இருக்குமா?

"காசிமேட்டுப் படகுக்கு உப்புக்காற்றில் துரு ஏறும். விண்வெளியில் காற்றே இல்லை. பழைய விண்கலத்தை அங்கே நிறுத்தினால் நூறு வருஷத்துக்கும் புதுசுதான்." ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பதிவு இது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் படகில் ஏறும் துரு அங்கே ஏறாது என்பதும் சரி. 1958-ல் ஏவிய வான்கார்டு 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் இன்னும் பூமியைச் சுற்றுகிறது. ஆனால் 1964-லேயே அதன் சிக்னல் நின்றுபோனது.

தாழ்வான சுற்றுப்பாதையில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேலே ஏறி, மைனஸ் நூறுக்கும் கீழே இறங்கும். இணைப்புகள் விரிந்து சுருங்கியே களைத்துவிடும். காற்றே இல்லை என்பதும் முழுசாகச் சரியில்லை: அங்குள்ள சொற்ப ஆக்சிஜன் அணுக்கள் பிளாஸ்டிக் படலங்களை அரித்துவிடும். நாசா 1984-ல் மிதக்கவிட்டு 1990-ல் திரும்பக் கொண்டுவந்த எல்டெஃப் என்ற சோதனைக் கலத்தில் இந்த அரிப்போடு, நுண்துகள்கள் மோதிய ஆயிரக்கணக்கான குழிகளும் இருந்தன. ஆறு வருஷம்கூட ஆகவில்லை!

சும்மா நிற்பதும் ஆபத்துதான். 2014-ல் ஓய்வுபெற்ற நோவா-16 வானிலைச் செயற்கைக்கோள், அடுத்த ஆண்டு நவம்பரில் துண்டு துண்டாகச் சிதறியது.

சர்வதேச விண்வெளி நிலையத்தை மேலே தள்ளி நிறுத்திவைக்கும் யோசனையையும் நாசா பரிசீலித்துக் கைவிட்டது. ஆளில்லாத கடற்பகுதியில் விழவைப்பதே அதன் திட்டம்.