பெரி கிளப் வீழ்ந்தது ஆடுகளத்தில் அல்ல, அடமானப் பத்திரத்தில்

மான்செஸ்டரிலிருந்து டிராமில் அரை மணி நேரம் வடக்கே போனால் பெரி என்ற ஊர் வரும். பஞ்சாலைகளாலும் காகித ஆலைகளாலும் வளர்ந்த ஊர் அது. அங்கே 1885-இல் தொடங்கப்பட்ட பெரி கால்பந்து கிளப், 1894 முதல் 125 ஆண்டுகள் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கில் இடைவிடாமல் இருந்துவிட்டு, 2019 ஆகஸ்ட் 27 இரவு அதிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அதைப் பற்றி எழுதப்பட்ட பலவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலானவை இரண்டு முதலாளிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதோடு முடிந்துவிடுகின்றன. அவர்கள் மீதான கோபம் நியாயமானது. ஆனால் ஒரு ஊரின் 134 ஆண்டுச் சொத்தை ஓரிரு தனிமனிதர்களின் கையில் அவ்வளவு எளிதாக ஒப்படைத்த விதிகளைப் பற்றிப் பேசாமல் அந்த மனிதர்களை மட்டும் திட்டுவதால், அடுத்த கிளப்புக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கப்போவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இந்தக் கிளப் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். இன்றைய ரசிகர்களில் பலருக்கு அது கீழ்ப்பிரிவில் எங்கோ ஆடித் தோற்ற ஒரு பெயராக மட்டுமே தெரிந்திருக்கிறது. லீக்கில் சேர்ந்த முதல் பருவத்திலேயே பெரி இரண்டாம் பிரிவை வென்றது. 1895-இல் முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது லிவர்பூலை. 1900-இல் சவுத்தாம்ப்டனை 4-0 என்று வென்று, தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் இங்கிலாந்தின் தேசியப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வென்றது. அந்தப் பருவத்தின் கோப்பை ஆட்டங்கள் எதிலும் பெரி ஒரு கோல்கூட வாங்கவில்லை. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் அதைவிடப் பெரிய வெற்றியை இதுவரை எந்த அணியும் பெற்றதில்லை. 116 ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில் வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் வென்று மான்செஸ்டர் சிட்டி அந்தச் சாதனையைச் சமன் செய்தபோது, உலகம் முழுவதும் ஒரு நாள் பெரியின் பெயர் ஒலித்தது. அப்போது பெரியின் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி.

1925-26 பருவத்தில் முதல் பிரிவில் நான்காம் இடம் பிடித்ததுதான் லீக்கில் அதன் உச்சம். 1929-இல் இறங்கிய பிறகு முதல் பிரிவுக்கு அது திரும்பவே இல்லை. ஆனால் அதற்குப் பிந்தைய தொண்ணூறு ஆண்டுகளை வெறும் சரிவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சிறிய கிளப்புகளுக்கென்று ஒரு பிழைப்பு முறை இருந்தது: யார் கண்ணிலும் படாத இளைஞனைக் கண்டெடுப்பது, ஆடவைத்துத் தேற்றுவது, பெரிய கிளப் கேட்டு வரும்போது நல்ல விலைக்கு விடுவது, அந்தப் பணத்தில் அடுத்த சில ஆண்டுகளை ஓட்டுவது. பெரி அதில் தேர்ந்த கிளப். மான்செஸ்டர் சிட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக இன்றும் போற்றப்படும் காலின் பெல், 1966-இல் அங்கே போவதற்கு முன் பெரிக்குத்தான் ஆடினார். கொத்துவேலைக்குச் செங்கல் சுமந்துகொண்டு, தொழில்முறை அல்லாத வின்ஸ்ஃபோர்டு யுனைடெட் அணியில் ஆடிக்கொண்டிருந்த நெவில் சவுத்தாலை 1980-இல் பெரி 6,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே எவர்ட்டன் அவரை 1,50,000 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் அவர் உலகின் முன்னணி கோல்கீப்பர்களுள் ஒருவர் ஆனார். இங்கிலாந்து லீக்கின் நான்கு அடுக்குகளிலும் தலா ஆயிரம் கோல் அடித்த முதல் கிளப் என்ற பெருமையும் 2005-இல் பெரிக்கே கிடைத்தது. மேலும் கீழுமாக நான்கு அடுக்குகளிலும் நெடுங்காலம் வாழ்ந்த கிளப்புக்குத்தான் அப்படியொரு கணக்கு சாத்தியம்.

1992-இல் பிரீமியர் லீக் பிறந்த பிறகு தொலைக்காட்சிப் பணம் மேல் அடுக்கில் குவிந்தது. கீழ் அடுக்குகளிலும் சம்பளம் அதைப் பின்தொடர்ந்து ஏறியது, வருமானம் ஏறவில்லை. பெரியின் சொந்த மைதானமான கிக் லேனில் சுமார் 12,000 பேர் அமரலாம். வழக்கமான ஆட்டத்துக்கு வருபவர்கள் மூவாயிரம் சொச்சம் பேர். டிக்கெட் பணத்தை மட்டும் நம்பினால் மூன்றாம் அடுக்கில்கூட நிலைத்திருக்க முடியாது. ஆகவே எப்போதும் யாராவது ஒரு பணக்காரர் தேவைப்பட்டார். 2002-இலேயே ஒருமுறை கிளப் நொடித்து, நொடித்த கம்பெனிகளை ஏற்று நடத்தும் நிர்வாகியின் கைக்குப் போனது. அப்போது ரசிகர்கள் உண்டியல் குலுக்கி அதைக் காப்பாற்றினார்கள். அந்த எச்சரிக்கையிலிருந்து லீக் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

2013-இல் கட்டுமானத் தொழிலதிபர் ஸ்டூவர்ட் டே கிளப்பை வாங்கினார். இரண்டே ஆண்டுகளில் அணி நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள், அந்த ஊருக்குப் பொருந்தாத சம்பளத்தில் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவுக்கும் லீக்கில் செலவுக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மூன்றாம் அடுக்கில் வருவாயின் 60 விழுக்காட்டுக்கு மேலும், நான்காம் அடுக்கில் 55 விழுக்காட்டுக்கு மேலும் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடாது என்பது விதி. ஆனால் முதலாளி கிளப்புக்குள் போடும் பங்கு முதலீட்டையும் நன்கொடையையும் ‘வருவாய்’ என்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே விதி அனுமதித்தது. முதலாளியின் பணப்பை திறந்திருக்கும்வரை சம்பளப் பட்டியல் நீளலாம். அது மூடிக்கொண்டால் சம்பள ஒப்பந்தங்கள் மட்டும் அப்படியே மிஞ்சும். பெரியில் நடந்தது இதுதான். 2018-இல் அணி மூன்றாம் அடுக்கில் கடைசி இடத்தில் முடித்து இறங்கியபோது பணப்பையும் காலியாகியிருந்தது. டேயின் நிறுவனங்கள் பின்னாளில் நொடித்துப்போயின.

இதற்கிடையில் நடந்த இன்னொரு காரியத்தைத்தான் நான் இந்தக் கதையின் மையமாகக் கருதுகிறேன். கிக் லேன் டெர்பி பிரபுவின் நிலத்தில் அமைந்த மைதானம். 1922-இல் அவர் அதைக் கிளப்புக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். 1960-இல் போல்டனுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தைப் பார்க்க 35,000 பேர் நெருக்கியடித்து நின்றது அங்கேதான். இறந்தவர்களின் சாம்பலைக்கூட மைதானத்தின் புல்வெளியோரத்தில் தூவும் வழக்கம் இங்கிலாந்தில் பல ஊர்களில் உண்டு; ஒரு மைதானம் அங்கே எவ்வளவு ஆழமான உணர்வோடு பிணைந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட நிலத்தை அடமானம் வைத்துப் பல லட்சம் பவுண்டு கடன் வாங்கப்பட்டது. கார் நிறுத்தும் இடங்கள்கூடத் தனித்தனியாக முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டன. இவை எல்லாம் கம்பெனிச் சட்டப்படி ஒரு முதலாளி செய்யக்கூடிய காரியங்களே. ரசிகர்களிடம் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை; லீக்கின் அனுமதியும் தேவைப்படவில்லை. கடன் அடையாவிட்டால் நிலம் போகும், நிலம் போனால் கிளப் ஆடுவதற்கு இடமில்லை என்று தெரிந்திருந்தும் அதைத் தடுக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். தோற்ற அணி மறுபடி வெல்லும். மைதானம் கைமாறினால் மட்டும் எத்தனை கோல் அடித்தாலும் அதை மீட்க முடியாது.

2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் ஒரு பவுண்டுக்குக் கிளப்பை வாங்கினார். அவரிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கான நிறைவான சான்று லீக்கின் கைக்கு வருவதற்கு முன்பே வாங்குதல் முடிந்துவிட்டது. வீடு வாடகைக்கு விடுபவர்கூட முன்பணம் வாங்காமல் சாவியைக் கொடுக்கமாட்டார். பெரி என்றொரு கால்பந்து அணி இருப்பதே தமக்கு முன்னர் தெரியாது என்று அவர் 2019 ஆகஸ்டில் பிபிசி வானொலியில் சொன்னபோது அந்த ஊர் மக்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அணி அருமையாக ஆடிக்கொண்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது. ரயன் லோவின் பயிற்சியில், சம்பளம் வராத மாதங்களிலும் ஆட்டக்காரர்கள் களமிறங்கினார்கள். 2019 ஏப்ரல் 30 அன்று டிரான்மியருடன் 1-1 என்று சமன் செய்து மூன்றாம் அடுக்குக்கு மீண்டும் ஏறினார்கள். அந்த ஏற்றத்தின் பலனை அனுபவிக்க அவர்களுக்கு ஒரு ஆட்டம்கூட வாய்க்கவில்லை. ஜூலையில் கடன்காரர்களுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி கால்பந்து சார்ந்த கடன்கள் முழுமையாகத் தீர்க்கப்படவேண்டும். சாதாரணக் கடன்காரர்களுக்கோ பவுண்டுக்கு 25 பென்ஸ். உடன்பாட்டின் விளைவாக அணிக்கு 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன. பணச் சான்று வராததால் ஆகஸ்டில் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவைக்கப்பட்டன.

கடைசி நாட்களில் ஒரு முன்னாள் இயக்குநர், ஒரு பெண்மணி, மைதானக் கட்டடத்தின் மழைநீர்க் குழாயோடு தம்மைக் கைவிலங்கிட்டுக்கொண்டு நின்றார். கெடு முடியும் ஆகஸ்ட் 27 அன்று கிக் லேனில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. வரும் சனிக்கிழமை டான்காஸ்டருடன் ஆட்டம் நடக்கவேண்டுமானால் மைதானம் தயாராக இருக்கவேண்டும் என்று கேள்விப்பட்டு, நூற்றுக்கணக்கானவர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து சேர்ந்தார்கள். நாற்காலிகளைத் துடைத்தார்கள், படிகளைப் பெருக்கினார்கள். அவர்கள் இப்படித் துடைத்துக்கொண்டிருந்த அதே நாளில், கிளப்பை வாங்கப் பேச்சு நடத்திவந்த நிறுவனம், மாலை 5 மணிக் கெடுவுக்குச் சற்று முன்னால் பின்வாங்கிவிட்டது. இரவில் நீக்க அறிவிப்பு வந்தது. 1992-இல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் போன பிறகு லீக்கை விட்டு இப்படி வெளியேறிய முதல் கிளப் பெரி. அதேபோல் பண நெருக்கடியில் தவித்த பக்கத்து ஊர்க் கிளப்பான போல்டனுக்கு அன்று மேலும் பதினான்கு நாள் அவகாசம் கிடைத்தது. மறுநாளே அது புதிய கைக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, பணம் கட்டமுடியாத கிளப்பை எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்வது என்று லீக்கின் பக்கம் நின்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற கிளப்புகளின் நேர்மையான போட்டியைக் காக்கவேண்டிய கடமை லீக்குக்கு உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது? கடன் வாங்கியவர் மீதோ, ஒரு பவுண்டுக்கு வாங்கியவர் மீதோ அல்ல. பருவச் சீட்டு வாங்கி வைத்திருந்த ஊர்க்காரர்கள் மீது விழுந்தது. அடுத்த ஆண்டு நான்காம் அடுக்கிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளும் நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் அடுக்கு அந்த ஆண்டு 23 அணிகளோடு நடந்தது. முதலாளியை வெளியேற்றிவிட்டுக் கிளப்பைத் தற்காலிகப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வழி விதிப்புத்தகத்தில் இல்லை என்றால், அந்தப் புத்தகத்தை எழுதியதும் அதே லீக்தான்.

பிறகு நடந்தவற்றில் ரசிகர்களுக்கும் கசப்பான ஆண்டுகள் உண்டு. ஒரு பகுதியினர் பெரி ஏ.எஃப்.சி. என்ற புதிய கிளப்பைத் தொடங்கி, பக்கத்திலுள்ள ராட்கிளிஃப் கிளப்பின் மைதானத்தில் 2020-இலிருந்து ஆடினார்கள். பழைய கிளப்பையும் கிக் லேனையும் மீட்காமல் எதற்கும் சம்மதிக்கமாட்டோம் என்று இன்னொரு பகுதியினர் நின்றார்கள். 2022-இல் அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து கிடைத்த பத்து லட்சம் பவுண்டும் தனிநபர் நன்கொடைகளும் சேர்ந்து மைதானத்தை மீட்டன. இரண்டு தரப்பும் இணைவதற்கான முதல் வாக்கெடுப்பு அதே ஆண்டு தோற்றது. ஒரு தரப்பில் தேவையான பெரும்பான்மை கிட்டவில்லை. 2023-இல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்புதான் அவர்களை ஒன்றாக்கியது. இந்த இரண்டு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆட்டம் வேண்டும் என்றவர்களும் மண் வேண்டும் என்றவர்களும் ஒரே இழப்பைத்தான் சுமந்தார்கள். 2023-24 பருவத்தில் ஒன்பதாம் அடுக்கில், அதே கிக் லேனில், பெரி கால்பந்து கிளப் என்ற அதே பெயரில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. 2025-இல் அணி அந்தப் பிரிவை வென்று எட்டாம் அடுக்குக்கு ஏறியது.

பெரியின் வீழ்ச்சியும், 2021-இல் பெரிய கிளப்புகள் தனி ஐரோப்பிய லீக் தொடங்க முயன்றதும் சேர்ந்துதான் அரசை அசைத்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. லீக்குகளுக்கு அப்பாற்பட்ட ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை அது நிறுவியது. புதிய முதலாளிகளைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரமும் கிளப்புகளுக்கு உரிமம் தரும் அதிகாரமும் அந்த ஆணையத்துக்கு உண்டு. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அதன் ஒப்புதல் இல்லாமல் ஒரு கிளப் தன் மைதானத்தை விற்கவோ கடனுக்கு ஈடாக வைக்கவோ முடியாது என்ற விதி. இந்த ஒரு விதி பத்தாண்டுகளுக்கு முன்னால் இருந்திருந்தால், அணி கீழே இறங்கியிருக்கலாம், ஆட்டக்காரர்கள் போயிருக்கலாம். கிக் லேன் பூட்டிக் கிடந்திருக்காது.

ஆனால் சட்டம் மேல் ஐந்து அடுக்குகளோடு நின்றுவிடுகிறது. எந்தக் கிளப்பின் கதியைப் பார்த்து அது எழுதப்பட்டதோ, 2025-இல் எட்டாம் அடுக்குக்கு ஏறிய அந்தக் கிளப்புக்கே அது பொருந்தவில்லை. அதற்குக் கீழே, வீட்டுமனை விலை ஏறிக்கொண்டே போகும் ஊர்களின் நடுவே, நூறாண்டு கடந்த மைதானங்களை வைத்துக்கொண்டிருக்கும் சிறு கிளப்புகள் ஏராளம். 2011-இன் உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு மைதானத்தைச் சமூகச் சொத்து என்று பதிவு செய்யலாம். ஆனால் அது விற்பனையை ஆறு மாதம் வரை தள்ளிப்போட உதவுமே தவிர, அடமானத்தைத் தடுக்காது. உரிமம், வரவுசெலவுத் தணிக்கை போன்ற சுமைகளைப் பகுதிநேர ஊழியர்களோடு நடக்கும் கிளப்புகள் மீது ஏற்றவேண்டாம். மைதானம் பற்றிய விதியை மட்டும் கீழ் அடுக்குகளுக்கும் நீட்டினால் போதும். கிளப்புக்கு அதனால் செலவு எதுவும் இல்லை. கடன் கொடுக்க வருபவர் ஒரு அனுமதிக் கடிதம் கேட்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.