எந்தக் கார்டு வாங்கலாம் என்று இனி யாரும் கேட்காதீர்கள்

"வீட்டுக் கணினியில் மைனிங் செய்ய எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது?" கணினியை இரவு பகலாகக் கணக்குப் போடவைத்து மின்னணு நாணயம் ஈட்டும் மைனிங் பற்றிய இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிடுகிறது. கேட்பவர் மீது கோபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் இதைக் கேட்டுத் திரிந்தவன்தான். கேட்ட மாத்திரத்தில் ஒரு மாடல் எண்ணைச் சொல்லி அனுப்பிவைக்கிறார்களே, அந்த மகானுபாவர்கள் மீதுதான் கோபம். உங்களுக்கு ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை, எந்த நாணயத்தை எடுக்கப் போகிறீர்கள், பவர் சப்ளை எத்தனை வாட், அந்த அறையில் காற்று போக வழி உண்டா? ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாடி பிடிக்காமலே மருந்து எழுதித் தரும் வைத்தியர்கள்.

என் முதல் கார்டை 2020ஆம் ஆண்டின் நடுவில் வாங்கினேன். 4 ஜிபி நினைவகம் கொண்டது. 8 ஜிபி கார்டைத்தான் முதலில் கையில் எடுத்தேன். "எதற்கு வீண் செலவு? ஹாஷ்ரேட் இரண்டிலும் ஒன்றுதான்" என்றார் விற்றவர். ஹாஷ்ரேட் என்பது கார்டு நொடிக்கு எத்தனை ஹாஷ், அதாவது எத்தனை கணக்கு, போடும் என்ற வேகம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அன்றைய தேதியில் ஹாஷ்ரேட் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது.

எத்திரியம் என்ற நாணயத்தின் மைனிங்குக்கு 'டாக்' என்ற பெரிய தரவுக் கோப்பு கார்டின் நினைவகத்துக்குள் முழுதாக உட்கார வேண்டும். 2015இல் எத்திரியம் தொடங்கியபோது அது 1 ஜிபி. பரிமாற்றங்களைப் பதிந்துவைக்கும் பிளாக்குகள் 30,000 சேரும்போதெல்லாம் 8 எம்பி கூடும். அதாவது நான்கைந்து நாளுக்கு ஒரு முறை. இது ரகசியம் இல்லை, முதல் நாளிலிருந்தே எழுதிவைத்த விதி. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை உட்கார்ந்தால் 4 ஜிபி எந்த மாதத்தில் நிரம்பும் என்று சொல்லிவிடும். 2020 டிசம்பர் கடைசியில் நிரம்பியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கிறேன்: திரையில் நினைவகம் போதவில்லை என்று சிவப்பு எழுத்து வரிசையாக ஓடுகிறது, விசிறிகள் மட்டும் ஒன்றும் அறியாதவை போலச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எத்திரியம் கிளாசிக் என்ற வேறொரு நாணயத்துக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் 2020 நவம்பரிலேயே தங்கள் விதியை மாற்றி, சின்னக் கார்டுகளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தார்கள். அதில் போய்ச் சேர்ந்தேன். கிடைத்த வரவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, பட்டுத் தெரிந்துகொண்டேன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறையாவது சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்கார்ந்தால், எல்லாரும் கார்டின் பெயரில் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய எண் என்றால் பெரிய வரவாம். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, ஆர்டிஎக்ஸ் 3070 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நினைவக வேகம் நொடிக்கு 448 ஜிபி. எத்திரியத்தின் ஈத்தாஷ் கணக்கில் ஒவ்வொரு ஹாஷுக்கும் நினைவகத்திலிருந்து 8 கேபி படிக்க வேண்டும். ஆகவே ஹாஷ்ரேட்டைத் தீர்மானித்தது நினைவக வேகம். கார்டின் மூளையான மைய சிப் எவ்வளவு பெரியது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு கார்டும் நொடிக்குச் சுமார் 60 மெகாஹாஷ், அதாவது ஆறு கோடி ஹாஷ், கொடுத்தன. அப்படியானால் 3070க்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்? விளையாட்டில் நிழல் கொஞ்சம் அழகாக விழும். ஆனால் அவர்கள் விளையாட வாங்கவில்லையே! அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த 4060 டிஐயின் நினைவக வேகம் நொடிக்கு 288 ஜிபிதான். புதியது, பெயரில் பெரிய எண், ஆனால் இந்த வேலைக்குப் பழைய 3060 டிஐக்குக் கீழே. அட்டைப்பெட்டியில் இதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

இந்த விதியாவது நிலையா என்றால் அதுவும் இல்லை. ரேவன்காயின் என்ற நாணயத்தின் காபாவ் கணக்கு மூளையையும் சேர்த்துப் பிழிகிறது. அதே கார்டு அங்கே மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். நாணயத்தைச் சொல்லாமல் கார்டைக் கேட்பது, போகும் ஊரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது மாதிரி. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறவர்களுக்கும் குறைச்சல் இல்லை.

இப்போது மின்சாரக் கதைக்கு வருகிறேன். என் பொறுமை முழுதாகக் கழன்ற இடம் அதுதான். 2021இல், எல்லாரும் கார்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், 8 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்கினேன். மைனிங் மென்பொருள் இரண்டுக்கும் சேர்த்து 190 வாட் என்று காட்டியது. பரவாயில்லையே என்று மகிழ்ந்துபோனேன். மாதக் கடைசியில் மின்கட்டணம் வந்தது. ஏதோ தவறு என்று ரசீதை இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரு வாட் மீட்டரைப் பிளக்கில் செருகிப் பார்த்தால் 330. சில பழைய கார்டுகளில் மென்பொருள் காட்டுவது மைய சிப் குடிக்கும் மின்சாரத்தை மட்டும்தானாம். நினைவகம், விசிறி, மதர்போர்டு, பவர் சப்ளை வெப்பமாக வீணடிப்பது எல்லாம் கணக்கில் வராத உறவினர்கள். விட்டுப்போனது 140 வாட். நாள் முழுக்க, மாதம் முழுக்க ஓடினால் நூறு யூனிட். நூறு யூனிட்! கார்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த ஒருவர்கூட "முதலில் ஒரு வாட் மீட்டர் வாங்கு" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு மாதம் கழித்து அல்ல, ஒரு மணி நேரத்தில் விழித்திருப்பேன்.

ரைசர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு ஆறாது. இரண்டாவது கார்டை மதர்போர்டில் நேராகப் பொருத்த இடமில்லை. கார்டைத் தள்ளி வைத்து மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்பான ரைசர் வாங்கினேன். கூடவே, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா இணைப்புக் கம்பி இலவசம். கொடுக்கிறார்களே என்று மாட்டினேன். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கார்டு தன் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை இழுக்கலாம் என்பது விதி. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாது என்று அதைப் பெட்டியில் போட்டவருக்குத் தெரியாதா? ஒரு நள்ளிரவில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து எழுந்தேன். மஞ்சள் கம்பியின் முனை பழுப்பாகி, உருகி, ரைசரோடு ஒட்டிப்போயிருந்தது. பிடுங்க முடியவில்லை; கத்தரித்தேன். குடும்பம் தூங்கும் வீடு. இன்றைக்கும் அந்த நாற்றம் மூக்கில் இருக்கிறது.

லாபக் கணிப்பான்களை என்னவென்று சொல்வது? கார்டு பெயரைப் போடுங்கள், மின்கட்டணத்தைப் போடுங்கள், இன்றைய வரவை முப்பதால் பெருக்கி மாத வருமானம், முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி ஆண்டு வருமானம். நாளைக்கு நாணயத்தின் விலை இதேதான், போட்டி கூடக் கூட ஏறும் கணக்கின் கடினத்தன்மையும் இதேதான், உலகத்தில் வேறு யாரும் ஒரு கார்டுகூட வாங்கப் போவதில்லை என்ற நம்பிக்கை. கார்டு, போட்ட முதலீட்டை எத்தனை நாளில் திருப்பித் தரும் என்று அச்சடித்த மாதிரி சொல்லும். அந்த நாள் நாம் நெருங்க நெருங்க விலகிப் போகும்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் மைனிங்கையே விட்டொழித்தது. கணக்குப் போடுவதை விட்டு, நாணயத்தைப் பிணையாக வைத்தவர்கள் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் முறைக்கு மாறிவிட்டது. கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் புதிய முறைக்கான அடித்தளப் பிளாக்செயின் 2020 டிசம்பர் 1 முதலே ஓடிக்கொண்டிருந்தது. மாறப் போகிறோம் என்று அவர்கள் மறைக்கவே இல்லை. ஆனாலும் 2022இன் தொடக்கத்தில்கூட "ஒன்றரை வருடத்தில் முதல் திரும்பிவிடும்" என்று கார்டு பரிந்துரைத்தவர்களை எனக்குத் தெரியும். கூட்டலாவது தெரிந்திருக்க வேண்டாமா? அன்று வேலையிழந்த கார்டுகளில் ஒரு பெருங்கூட்டம் ரேவன்காயின், எர்கோ, எத்திரியம் கிளாசிக் என்று சின்ன நாணயங்களின் மேல் விழுந்தது. இருப்பதோ ஒரு கிண்ணம், நீட்டியதோ ஆயிரம் கை. கடினத்தன்மை பல மடங்கு ஏறியது. ஒவ்வொருவர் பங்கும் அதே வேகத்தில் இறங்கியது. பிறகு காஸ்பா என்ற நாணயம் கொஞ்ச காலம் கார்டுக்காரர்களுக்கு மூச்சு கொடுத்தது. 2023இல் அதற்கும் ஏசிக், அதாவது அந்த ஒரு கணக்குக்கென்றே செய்த இயந்திரங்கள் வந்துவிட்டன, கதை முடிந்தது.

பிட்காயினை வீட்டு கிராஃபிக்ஸ் கார்டில் எடுக்கலாமா என்று இன்னமும் கேட்பவர்களுக்கு ஒரே வரி: 2013இல் ஏசிக் வந்தபோதே அந்தக் கடையை இழுத்து மூடியாகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் கார்டுதான் வேண்டும் என்பவர்களைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கிறது பழைய கார்டுச் சந்தை. "லேசாகத்தான் பயன்படுத்தியது, வீட்டில் விளையாட மட்டும்." விளையாட மட்டும் பயன்படுத்திய கார்டின் திருகுத் தலைகள் ஏன் தேய்ந்திருக்கின்றன? நண்பர் ஒருவர் அப்படி வாங்கிய கார்டை என் மேசையில் வைத்துத் திறந்தோம். நினைவகச் சிப்புகளின் மேல் ஒட்டும் வெப்பப் பட்டைகள் எண்ணெய் கக்கி, பலகையின் விளிம்பு வரை பிசுபிசுவென்று வழிந்திருந்தன. ஒரு விசிறியை விரலால் சுண்டினால் அரைச் சுற்றில் நின்றது. மைய சிப்பின் வெப்பநிலை 62 டிகிரி என்று காட்டும் அதே நேரத்தில் நினைவகம் 110ஐத் தொட்டு, தன்னைத் தானே வேகம் குறைத்துக்கொண்டது. விற்றவர் காட்டிய படத்தில் 62 மட்டும் இருந்தது.

பட்டைகளை மாற்றினோம். எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சரியாகத் தெரியாமல் இரண்டு முறை தவறாக வாங்கினோம். ஒரு முறை தடிமன் கூடிப்போய் மைய சிப்பில் ஹீட்சிங்க் உட்காரவே இல்லை. மூன்றாவது முறை நினைவகத்தின் வெப்பம் 84 டிகிரிக்கு இறங்கியது. நண்பர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது கூட இன்னொரு கார்டு போடலாம் என்றிருக்கிறேன். எது வாங்கலாம்?"