நாலுக்கு மூணு என்றால் நாலுக்கு மூணு கொடுங்கப்பா

மூன்று மாதமாக அடக்கி வைத்த ஆத்திரம் இது. வீட்டில் வாயைத் திறந்தால் "அந்தப் பழைய காரைப் பிரிக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது?" என்று என் பக்கமே திரும்பிவிடும். அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு மரச்சட்டம், அடியில் நாலு சக்கரம். அவ்வளவுதான். காரின் கூட்டை, அதாவது பாடியை, அடியில் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸிலிருந்து கழற்றி இந்த மரச்சட்டத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும். தேவைப்பட்டபோது வெயிலுக்குத் தள்ள வேண்டும், மழை வந்தால் உள்ளே இழுக்க வேண்டும். டாலி என்பார்கள். தேர் இல்லை, கப்பல் இல்லை. கோவில் வாகனத்துக்குச் சகடை செய்த ஊரில் இதற்கு மூன்று மாதமா?

கார், பெரியப்பாவுடையது. 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு. எங்கள் தாம்பரம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் செய்த வண்டி. 1961இல் சென்னையில் ஹெரால்ட் தயாரிக்க ஆரம்பித்தபோது இரண்டு கதவுதான். 1968இல்தான் நாலு கதவு வந்தது, அதுவும் இந்தியாவில் மட்டும். நாலு கதவு என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். கதவுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் வேலையும் இரண்டு மடங்கு என்று அவர் சொல்லவில்லை.

ஹெரால்டுக்கு ஏன் டாலி அவசியம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் கோபம் புரியாது. இங்கிலாந்தில் 1950களில், ஹெரால்டை உருவாக்கிய ஸ்டாண்டர்ட் டிரயம்ப் கம்பெனிக்குக் காரின் கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த பிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டுச் சேர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். தனிச் சேஸிஸ், அதன்மேல் முன் துண்டு, பின் துண்டு, அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி போட்ட அழகான உருவம். ஆனால் பலம் முழுக்கச் சேஸிஸில்தான். சேஸிஸை உருவிவிட்டால் கூடு, முதுகெலும்பு இல்லாத ஆள் மாதிரி. எந்த இடத்தில் தாங்கல் குறைகிறதோ அங்கே தொங்கும். தொங்கிய நிலையில் வெல்டிங் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கதவு மூடாது.

ஆகவே டாலி சமமாக இருக்க வேண்டும். சமம் என்றால் சமம். கதை முழுக்க இதுதான்.

காரின் தகடு வேலை பார்க்கும் டிங்கர் முதலிலேயே சொன்னார், "நாலு பழைய டயரைப் போட்டு மேல வெச்சிடலாம் சார், எதுக்கு வீண் செலவு." நான்தான் படித்த கெத்தில் பேப்பரில் படம் வரைந்தேன். நீளவாக்கில் எட்டடியில் இரண்டு, குறுக்கே நாலடியில் நான்கு. எல்லாம் நாலுக்கு மூணு, அதாவது நாலு இஞ்ச் அகலம், மூணு இஞ்ச் தடிமன். மொத்தம் 32 அடி. இரும்பில் செய்திருக்கலாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மரத்தில் நினைத்த இடத்தில் துளை போடலாம், தப்பானால் அறுத்து மாற்றலாம், அடித்தகட்டைக் கீறாது. வெல்டிங் பொறி விழுந்தால் கருகும், உண்மைதான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் முடிந்தது. முக்கியமாக, நல்ல ஆசாரி அடுத்த தெருவில் இருக்கிறார்.

மரவாடிக்குப் போனேன். எந்த மரவாடி என்று கேட்காதீர்கள். இதற்கப்புறம் இன்னும் மூன்றில் ஏறி இறங்கிவிட்டேன், எல்லாம் ஒரே ஜாதகம்.

"கோங்கு, நாலுக்கு மூணு, எட்டடியில ரெண்டு, நாலடியில நாலு."

"சீசன் பண்ண மரம் சார். ரெண்டு வருஷம் காஞ்சது."

கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். நாலு பெருக்கல் மூணு பெருக்கல் 32, வகுத்தல் 144. 2.67 கன அடி. பில் போட்டார். காசு கொடுத்தேன். டெம்போவில் ஏற்றி வந்து இறக்கினேன். ஆசாரி வந்தார். பீடியை அணைத்துவிட்டு ஒரு துண்டைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, இதை நாலுக்கு மூணுன்னா குடுத்தாங்க?"

டேப் வைத்தோம். அகலம் இரண்டு நூல் குறைவு. தடிமனும் இரண்டு நூல் குறைவு. மூன்றே முக்காலுக்கு இரண்டே முக்கால். நூல் என்றால் தெரியாதவர்களுக்கு: எட்டில் ஒரு பங்கு இஞ்ச். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். நாலையும் மூணையும் பெருக்கினால் 12. மூன்றே முக்காலையும் இரண்டே முக்காலையும் பெருக்கினால் 10.3. நூறு ரூபாய்க்கு 14 ரூபாய் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன்!

அதுகூடப் பரவாயில்லை. ஆறு துண்டும் ஆறு விதம். ஒன்று மூன்றே முக்கால், ஒன்று அதைவிட ஒரு நூல் கம்மி. எட்டடித் துண்டு ஒன்று, ஒரு முனையில் கிட்டத்தட்ட நாலு, மறு முனையில் மூன்றரை. இதில் எதை எதன்மேல் வைத்துச் சமம் பார்ப்பது?

திரும்பிப் போய்க் கேட்டேன். வந்த பதில்: "ரம்பம் தின்னுடும் சார்."

ரம்பம் தின்னுமாம். பேண்டு ரம்பத்தின் பட்டை ஓடுகிற தடம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். எனக்குக் குறைந்தது ஒவ்வொரு பக்கமும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல். அப்படியே தின்றாலும், உன் ரம்பத்துக்கு நான் ஏன் சாப்பாடு போட வேண்டும்? நாலுக்கு மூணு வர வேண்டும் என்றால் கூடுதலாக வைத்து அறுக்க வேண்டியதுதானே?

இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனித்தேன். நீளத்தில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. எட்டடி கேட்டால் எட்டடி ரெண்டு இஞ்ச் இருக்கிறது. ஏனென்றால் நீளத்தை எல்லாரும் அளப்பார்கள். தடிமனை எவன் அளக்கப்போகிறான்?

பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கினால் முழம். அது அவர் கை நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து முழம் வாங்கினால் பத்துக்கும் ஒரே கை! இங்கே துண்டுக்குத் துண்டு கை மாறுகிறது. பெட்ரோல் பங்கில் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்கிறார்கள். மீன்காரர் தட்டைத் தராசில் வைத்துக் கழித்துக் காட்டுகிறார். மரத்துக்கு மட்டும் வாய்ச்சொல்.

யூடியூபில் டாலி செய்து காட்டும் அமெரிக்கர்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். அவர்கள் 'இரண்டுக்கு நாலு' என்று விற்பதும் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான். ஆனால் நாடு முழுக்க அதே ஒன்றரை, அதே மூன்றரை. பொய்யாவது ஒரே அளவில் இருந்தால் அதை வைத்துப் படம் வரைந்துவிடலாமே.

சரி, ஆசாரி என்ன செய்தார்? ஆறு துண்டில் எது ஒல்லியோ அதன் அளவுக்கு மற்ற ஐந்தையும் இழைத்தார். வேறு வழி கிடையாது. இரண்டு நாள் இழைப்புளி ஓடியது. போர்டிகோ முழுக்கச் சுருள். கடைசியில் கையில் நின்றது மூன்றரைக்கு இரண்டரை. காசு கொடுத்த மரத்தில் 27 சதவீதம் குப்பைக்கும் காற்றுக்கும். காசு போனதைவிட வயிற்றைக் கலக்கியது வேறு கணக்கு. அகலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி படுக்க வைத்த சட்டம் வளையாமல் தாங்குவது அதன் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. உயரம் நாலிலிருந்து மூன்றரை ஆனாலே மூன்றில் ஒரு பங்கு விறைப்பு காலி. தடிமனிலும் அரை இஞ்ச் போனதைச் சேர்த்தால், நான் வரைந்த டாலியின் விறைப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். "ரெண்டு நூல்தானே சார்" என்கிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

அப்புறம் அந்த 'ரெண்டு வருஷம் காஞ்ச' மரம். அரை இஞ்ச் போல்டுக்குத் துளை போட்டபோது தூளாக உதிரவில்லை. பிட்டில் ஈரச் சுருளாக அப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. ஆசாரி மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "காஞ்சதா? போன மாசம் இதுல குருவி உக்காந்திருக்கும் தம்பி." மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். ஆகவே மூன்று வாரத்தில் இறுக்கியிருந்த போல்ட் எல்லாம் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்தது. அதோடு ஒரு எட்டடித் துண்டு மெதுவாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. துணி பிழிகிற மாதிரி.

சக்கரத்தைப் பற்றி நீட்டி எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும், சுருக்கமாகச் சொல்கிறேன். "ஒரு வீல் 150 கிலோ தாங்கும் சார், நாலு வீலுக்கு 600 கிலோ" என்றார் கடைக்காரர். முதலில் அந்தப் பெருக்கலே தப்பு. தரை மேடு பள்ளமாக இருந்தால் எந்த நேரமும் மூன்று சக்கரம்தான் சுமக்கும், நாலாவது அந்தரத்தில் சும்மா சுற்றும். அதனால் மூன்றால்தான் கணக்குப் போட வேண்டும். என் சுமை அதற்கும் எவ்வளவோ குறைவு. முழுக் காரே சுமார் 800 கிலோ. எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ், பானெட், கதவெல்லாம் போனால் மிஞ்சுகிற கூட்டை ஆறு பேர் தூக்கிவிடலாம், தூக்கித்தான் வைத்தோம். நாலாவது நாள் தள்ளும்போது ஒரு டைல் விளிம்பில் சக்கரம் இடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம். சுழலும் தட்டை நடுவில் பிடித்திருந்த ரிவெட் பிய்த்துக்கொண்டது. உள்ளிருந்த குட்டிக் குண்டுகள் சிதறின. மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டுக் கட்டிய போர்டிகோ அல்லவா, ஒவ்வொன்றாக உருண்டு கேட் பக்கச் சாக்கடைச் சல்லடைக்குள் போய் விழுந்ததை நின்று வேடிக்கை பார்த்தோம். அந்தச் சக்கரத்தில் 150 கிலோ என்று ஸ்டிக்கர் இன்னும் பளபளவென்று ஒட்டியிருக்கிறது.

பிரேக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். காலால் மிதித்தால் பூட்டிக்கொள்ளுமாம். தகரம் வளைந்ததுதான் மிச்சம். அதே வாட்டத்தில் இரவு டாலி தானாக ஒன்றரை அடி நகர்ந்து கேட்டை முட்டி நின்றது. இப்போது நாலு செங்கல்தான் பிரேக். ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி, அந்தக் காலத்தில் அதற்குப் பேர்போனது. அதன் கூட்டைச் சுமக்கும் என் டாலி ஐம்பது அடியிலும் திரும்பாது.

இத்தனைக்கும் பிறகு அளந்து பார்த்தோம். கழற்றும் முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் அடித்துப் பிடித்திருந்தோம். மூலைக்கு மூலை அளவெடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தேன். டாலியில் உட்கார வைத்தபின் இடது பின் கதவு வாசலில் மூன்று நூல் வித்தியாசம். டிங்கர் ஒன்றும் சொல்லவில்லை. போர்டிகோ மூலையில் கிடந்த பழைய டயரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் செத்தேன்.

முறுக்கிய துண்டின் மேல் பழைய நோட்டு அட்டையை மடித்து மடித்துச் சொருகி ரசமட்டத்தில் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் மழை பெய்தது. அட்டை ஊறி அமுங்கியது. இப்போது தகரத் துண்டு சொருகியிருக்கிறது. தினமும் காலையில் காப்பி குடிக்கும் முன் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்க் குமிழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தாத்தா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, வீட்டுக்கு வாஸ்து பாக்கிறியா?" என்றார்.

அந்த முறுக்கிய துண்டை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆசாரி சொல்லிவிட்டதால் நேற்று மறுபடி அதே மரவாடிக்குப் போனேன். இந்த முறை டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். டேப்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடியது. "நம்ம கடையில டேப்பெல்லாம் எதுக்கு சார்?" என்றார். அடுக்கில் இருந்த நாலுக்கு மூணு ஒவ்வொன்றையும் அளந்தேன். இருபது துண்டு இருக்கும். ஒன்றுகூட நாலும் இல்லை, மூணும் இல்லை. கத்திவிட்டேன். கடைப் பையன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"சரி, நீங்களே சொல்லுங்க. எனக்கு நிஜமாவே நாலுக்கு மூணு வேணும். என்னன்னு கேட்டா அது கிடைக்கும்?"

கொஞ்சமும் சிரிக்காமல், கல்லாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"அஞ்சுக்கு நாலு கேளுங்க சார்."