பாஸ்டன் லத்தீன் பள்ளி: பெயர்ச் சுவரும் நுழைவாயிலும்

பாஸ்டன் புறநகரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ‘எக்ஸாம் ஸ்கூல்’ (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பொதுப் பள்ளி) என்ற சொல்லில் வந்து நின்றுவிடுகிறது. நகர எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது பாஸ்டன் லத்தீன் பள்ளியைத்தான் குறிக்கும். நுழைவுத் தேர்வுக்கு எந்த டியூஷன் நல்லது, புதிய விதிகள் யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று பேச்சு சூடேறும்போது, “ஏறத்தாழ நானூறு வருடப் பழமையான பள்ளியின் தரத்தை அரசியலுக்காகக் கெடுக்கிறார்கள்” என்று யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுகிறார். அந்த ஒற்றை வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதால்தான் இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன்.

பழமையைப் பற்றிய பெருமிதத்தில் பொய் இல்லை. 1635 ஏப்ரல் 23 அன்று பாஸ்டன் நகரத்தார் கூடி, பிலமன் போர்மார்ட் என்பவரைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்த்தினார்கள். அமெரிக்காவின் முதல் பொதுப் பள்ளி என்று அது சொல்லிக்கொள்வதற்கு அந்தத் தீர்மானமே ஆதாரம். அமெரிக்கா என்ற நாடு சுதந்திரப் பிரகடனம் செய்ய அப்போது இன்னும் 141 ஆண்டுகள் இருந்தன. ஹார்வர்டு கல்லூரிகூட அடுத்த ஆண்டுதான் தொடங்கப்பட்டது. லத்தீன் பள்ளியில் படித்து முடித்தவர்கள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே என்றுதான் ஹார்வர்டையே கட்டினார்கள் என்று அப்பள்ளி மாணவர்கள் இன்றைக்கும் கிண்டலாகச் சொல்வதுண்டு. ‘நாங்களே முதல்வர்கள்’ என்பதுதான் பள்ளியின் லத்தீன் முழக்கம். அடக்கம் அவர்களுடைய பாடத்திட்டத்தில் எப்போதும் இருந்ததில்லை போலும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் பள்ளி யார் காசில் நடந்தது என்பதுதான். பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் டியர் தீவு, லாங் தீவு, ஸ்பெக்டகிள் தீவு ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதென்று 1640-களில் நகரம் முடிவு செய்தது. ஊருக்குச் சொந்தமான நிலத்தின் வருமானத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்ற ஏற்பாடு அது. ஆனால் ‘ஊர்ப் பிள்ளைகள்’ என்றால் அன்றைக்குப் பையன்கள் மட்டுமே. 18ஆம் நூற்றாண்டில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் சேர்வதற்கு வந்தால், பைபிளிலிருந்து சில வசனங்களை வாசித்துக் காட்டினால் போதும், உள்ளே எடுத்துக்கொள்வார்கள். ‘காலங்காலமாக இருந்துவரும் தரம்’ என்று நாம் எதைக் காப்பாற்றத் துடிக்கிறோமோ, அதன் அளவுகோல் தொடக்கத்தில் அவ்வளவு எளிமையாக இருந்தது.

உள்ளே போன பிறகு வாழ்க்கை அவ்வளவு எளிமையாக இல்லை. கோடையில் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்று வரை, மறுபடியும் ஒரு மணி முதல் ஐந்து வரை, இப்படி ஏழு ஆண்டுகள் லத்தீன் இலக்கணத்தையும், பிறகு கிரேக்கத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எசக்கியேல் சீவர் என்ற தலைமை ஆசிரியர் 1670-களின் தொடக்கத்திலிருந்து 1708-இல் இறக்கும் வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய லத்தீன் பாடநூல் அவருக்குப் பின்னும் பல தலைமுறைகளை வாட்டியது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எட்டு வயதில் அங்கே சேர்ந்து, ஓராண்டு முடிவதற்குள் விலக்கப்பட்டார். பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு கல்லூரிவரை படிக்க வைக்க முடியாது என்று மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்ற அவருடைய தந்தை கருதியது ஒரு முக்கியக் காரணம். அதே ஃபிராங்க்ளின் தன் உயிலில், தனக்கு முதல் கல்வி தந்த பாஸ்டனின் இலவசப் பள்ளிகளுக்கு நூறு பவுண்டு எழுதிவைத்து, அதன் வட்டியில் சிறந்த மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் தரச் சொன்னார். பள்ளியின் பழைய கட்டடம் இருந்த ஸ்கூல் தெருவில் இன்று அவருக்குத்தான் சிலை நிற்கிறது. அந்தப் பள்ளியிலிருந்து இடைநின்றவர்களில் அவரைவிடப் பெயர் பெற்ற வேறொருவரை என்னால் சொல்ல முடியவில்லை.

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஃபிராங்க்ளின், ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ், ராபர்ட் டிரீட் பெய்ன், வில்லியம் ஹூப்பர் ஆகிய ஐந்து பேரைப் பள்ளி தன் மாணவர்கள் என்று உரிமை கொண்டாடுகிறது. ஆனால் இவர்களைவிட என்னை ஈர்ப்பது ஒரு தந்தையும் மகனும்தான். தலைமை ஆசிரியர் ஜான் லவல் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமானவர். அவருக்குக் கீழே அதே பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்த மகன் ஜேம்ஸ் லவல் புரட்சியின் பக்கம் நின்றவர், பாஸ்டன் படுகொலையின் (1770-இல் பிரிட்டிஷ் படையினர் பொதுமக்களைச் சுட்ட நிகழ்வு) முதலாண்டு நினைவாக உரையாற்றியவர். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனை நோக்கிப் பிரிட்டிஷ் படைகள் நகர்ந்த செய்தி வந்தபோது, “போர் தொடங்கிவிட்டது, பள்ளி முடிந்துவிட்டது, புத்தகங்களைக் கீழே வையுங்கள்” என்று தந்தை லவல் மாணவர்களை அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டு வெளியேறியபோது தந்தை அவர்களுடைய ஆதரவாளராக, இன்றைய கனடாவிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்குக் கப்பலேறினார். மகனும் அதே ஊருக்குத்தான் போனார், ஆனால் பிரிட்டிஷாரின் கைதியாக. பள்ளி வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இருவருக்கும் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் குறையாகத் தெரிகிறது.

பள்ளி அரங்கத்தின் சுவரில், உயரத்தில், மறைந்த முன்னாள் மாணவர்களின் குடும்பப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பெயர்களை அண்ணாந்து பார்த்தபடியே வளர்கிறார்கள். 1999-இல் அங்கே வேட் மெக்ரீயின் பெயர் சேர்க்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞர்களில் ஒருவராக இருந்த கறுப்பினத்தவர் அவர். பெண்களின் பெயர் அந்தச் சுவரில் நெடுங்காலம் இல்லை. மாணவிகள் உள்ளே வந்ததே 1972-இல்தான் என்பதும், மறைந்தவர்களுக்கே அங்கே இடம் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். பெண்களுக்கென 1878-இல் தனியாக ஒரு லத்தீன் பள்ளி திறக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் மூத்த பள்ளியின் கதவு, பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் 1971-இல் வந்த பிறகே திறந்தது. பள்ளி தானாக மனம் மாறித் திறக்கவில்லை. இந்தப் பள்ளியின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான் என்பது என் வாதம்.

கறுப்பின மாணவர்கள் விஷயமும் அப்படியே. நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை வேண்டுமென்றே பேணப்பட்டது என்று 1974-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆர்தர் கேரிட்டி, நுழைவுத் தேர்வுப் பள்ளிகளில் சேருவோரில் குறைந்தது 35 சதவீதம் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களாக இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு உத்தரவிட்டார். 1990-களில் வந்த வழக்குகளால் அது கைவிடப்பட்டது. மாற்றாக வந்த ஏற்பாட்டையும் 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகு அந்த மாணவர்களின் பங்கு சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் தாங்கள் எதிர்கொள்ளும் இனவெறியைப் பற்றி 2016-இல் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். சொற்பொழிவுப் பயிற்சியை இவ்வளவு தீவிரமாக வைத்திருக்கும் பள்ளியில், ஆண்டுக்குப் பல முறை வகுப்பின் முன் மனப்பாடமாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் ஒரு நாள் சொந்தக் குரலில் பேசினால் வியப்படைய என்ன இருக்கிறது? மறு ஆண்டு ரேச்சல் ஸ்கெரிட் தலைமை ஆசிரியராக வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர், அதே பள்ளியின் முன்னாள் மாணவி.

இப்போதைய சண்டைக்கு வருகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் தேர்வு நடத்த முடியாமல் போனதும், ஓராண்டுக்கு மதிப்பெண்ணையும் வசிப்பிடத்தின் அஞ்சல் குறியீட்டையும் வைத்து இடங்களைப் பிரித்தார்கள். 2021-இல் நகரப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக் குழு, நகரத்தின் பகுதிகளைப் பொருளாதார நிலைப்படி எட்டு அடுக்குகளாக வகுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள மாணவர்கள் தங்களுக்குள் போட்டியிடும் முறையைக் கொண்டுவந்தது. அஞ்சல் குறியீட்டு முறையை எதிர்த்த வழக்கு 2023-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. இடஒதுக்கீட்டு விவாதங்களைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதில் எந்த வாதமும் புதிதாக இருக்க முடியாது. ‘தகுதி’ என்ற சொல் இங்கேயும் அதே தொனியில்தான் உச்சரிக்கப்படுகிறது.

நான் அடுக்கு முறையை ஆதரிக்கிறேன். குறைகள் இல்லாமல் இல்லை: வசதியான பகுதியில் வாடகைக்கு ஒண்டியிருக்கும் ஏழைக் குடும்பத்தை அது தண்டிக்கிறது, விதிகள் அடிக்கடி மாறுவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஆனாலும் பல ஆயிரம் டாலர் டியூஷனால் உயர்ந்த மதிப்பெண்ணையும், அது இல்லாமலே வாங்கிய மதிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதைவிட இது நேர்மையானது. இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனும் எழுத்தாளர் தியடோர் வைட்டும் 1930-களில் இந்தப் பள்ளியில் படித்தவர்கள். இருவரும் யூதக் குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகள், வைட்டின் குடும்பம் கடும் வறுமையில் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்குக் கதவு திறந்திருந்த நாட்களில்தான் பள்ளியின் பெயர் இசையிலும் எழுத்திலும் உலகமெங்கும் போனது என்பதை நம் பெற்றோர்களுக்குச் சற்று உரக்கவே நினைவூட்ட விரும்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றி நவிலல் நாளையொட்டி லத்தீன் பள்ளி அமெரிக்கக் கால்பந்தில் மோதுவது இங்கிலிஷ் உயர்நிலைப் பள்ளியோடு; 1887 முதல் நடந்துவரும் போட்டி அது. 1821-இல், கல்லூரிக்குப் போகாத பையன்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிதான் அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி. ஒரு காலத்தில் இரண்டும் வாரன் அவென்யூவில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டன. இங்கிலிஷ் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. லத்தீன் பள்ளியில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான பாஸ்டன் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள். அங்கே எத்தனை ஆலோசகர்கள் இருக்கிறார்கள், என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்று ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. லத்தீன் பள்ளியில் யாருக்கு இடம் என்ற சண்டைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்தக் கேள்விக்குக் கொடுக்கும்படி, அடுத்த பள்ளிக் குழுக் கூட்டத்தில் பேச விரும்பும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.