பேராசையாம்!

டேட்டிங் ஆப்பில் பழகிய ஆளை நம்பி, கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணயத்தில் பணத்தைப் போட்டு ஏமாந்த படித்தவர் ஒருவரைப் பற்றிய அந்தச் செய்தியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கீழே விழுந்த பின்னூட்டங்களைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ‘இந்த வயசுல டேட்டிங் ஆப் கேக்குதா’, ‘பேராசை பெருநஷ்டம்’, ‘படிச்சு என்ன பிரயோஜனம்’. கூடவே சிரிப்பு எமோஜிகள். சபாஷ்.

சிரித்தவர்களே, அவர் எந்த இடத்தில் சறுக்கினார், சொல்லுங்கள் பார்ப்போம். முன்பின் தெரியாத ஆளை நம்பியதிலா? மேட்ரிமோனியில் வரன் தேடும் வீடுகளெல்லாம் வேறென்ன செய்கின்றன? ‘வீடியோ காலில் பேசியிருந்தாலே தெரிந்திருக்குமே’ என்கிறார் ஒரு மேதாவி. இந்த மோசடிக் கும்பல்கள் வீடியோ காலுக்கென்றே சம்பளத்துக்கு மாடல்களை வைத்திருக்கிறார்கள் ஐயா. முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருளும் இருக்கிறது. ஆள் நிஜமா என்று ஆராய்ந்து பயனில்லை. பணம் எந்த வழியில் போகிறது என்று பாருங்கள்.

முதல் சில வாரங்கள் பணப் பேச்சே இருக்காது. டேட்டிங் ஆப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ சீக்கிரம் இழுத்துவிடுவார்கள். ஆப் நிறுவனம் கணக்கை முடக்கினாலும் பேச்சு அறுந்துவிடக்கூடாதே. பிறகு ‘சாப்பிட்டாச்சா’, ‘தலைவலி எப்படி இருக்கு’. நடுவில் ஒருநாள், கிரிப்டோவில் கைதேர்ந்த சித்தப்பா ஒருவர் பேச்சில் எட்டிப் பார்ப்பார்.

அப்போதும் ‘எனக்குப் பணம் அனுப்பு’ என்று கேட்க மாட்டார்கள். ஊரறிந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (வாங்கி விற்கும் தளத்தில்) உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் கணக்குத் திறந்து, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோவான யுஎஸ்டிடி வாங்கச் சொல்வார்கள். இதுவரை எல்லாமே அசல். அதனால்தான் படித்தவரும் நம்புகிறார். அடுத்தபடி, அதை இன்னொரு ‘டிரேடிங் தளத்தின்’ முகவரிக்கு மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் டிரான் என்ற கிரிப்டோ நெட்வொர்க், ‘டி’யில் தொடங்கும் 34 எழுத்து முகவரி. திருட்டு நடப்பது இந்த ஓர் இடத்தில்தான். பணம் அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு திரையில் ஏறும் லாபமெல்லாம் வெறும் எண்.

‘ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாமே’ என்பீர்கள். எடுத்துத்தான் பார்ப்பார்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ ஒழுங்காக வந்து சேரும், அது தூண்டில் புழு. பெரிய தொகை போட்டபின் எடுக்கப் போனால்தான் ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். டிடிஎஸ் விற்ற தொகையிலிருந்தே பிடிக்கப்படும். மீதி வரியை நீங்களே வருமான வரித்துறைக்குக் கட்டுவீர்கள். பணத்தை விடுவிக்க வெளியிலிருந்து தனியாகப் பணம் கேட்கும் தளம் மோசடித் தளம். ‘இருப்பிலேயே கழித்துக்கொள்ளுங்களேன்’ என்று கேட்டுப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்.

லிங்க் வழியாக ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே நிறுவும் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு), ஐபோனில் டெஸ்ட்ஃப்ளைட் (சோதனை நிலை ஆப்களுக்கான வழி) என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் ஸ்டோரில் இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகாது. மெட்டாடிரேடர் என்கிற டிரேடிங் ஆப் அசல் மென்பொருள்தான். அதற்குள் போலி புரோக்கரின் சர்வரை இணைக்க வைத்தே ஏமாற்றினார்கள். இன்னொரு வகையில் பணத்தை எங்கும் அனுப்பவே வேண்டாம். கிரிப்டோ வைத்திருக்கும் ஆப்பான வாலட்டுக்குள் ஒரு பக்கத்தைத் திறந்து ‘அப்ரூவ்’ அழுத்தினால் போதும், இருக்கிற யுஎஸ்டிடி மொத்தத்தையும் உருவ அனுமதி கொடுத்தாகிவிட்டது.

‘என்ன சொன்னாலும் பேராசைதானே?’ சரி, ஆசை இருந்திருக்கும். நாலு வங்கியில் எஃப்டி வட்டி விசாரிக்கிற உங்களுக்கு இல்லாத ஆசையா? அறிவு பற்றிப் பேசினால், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஷான் ஹேன்ஸ் என்று ஒருவர். வங்கியின் தலைமை அதிகாரி. இதே வகை வலையில் விழுந்து, 2023இல் தன் வங்கியின் 4.7 கோடி டாலரை எடுத்து அனுப்பினார். வங்கியே மூழ்கியது, அவருக்கு 24 ஆண்டுக்கு மேல் சிறை. அவர் செய்தது குற்றம், மறுக்கவில்லை. ஆனால் கடன் கேட்டு வருவோரை எடைபோடுவதே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி.

சிரிப்பில் இன்னொரு கொடுமை. அந்தப் பக்கம் ‘சாப்பிட்டாச்சா’ என்று தட்டச்சு செய்வது பல நேரம் அடிமையாகப் பிடித்து வைக்கப்பட்ட ஆள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டார்களே, மறந்துவிட்டதா? மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. சொன்னது. இந்த மோசடிக்குப் ‘பன்றி அறுப்பு’ (கொழுக்க வைத்து அறுப்பது) என்று பெயர் வைத்தவர்கள் மோசடிக்காரர்கள். ஏமாந்தவரை அது கேவலப்படுத்துகிறது, புகார் கொடுக்கவே கூச வைக்கிறது, கைவிடுங்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. நம்மவர்களுக்கு அந்தப் பெயர்கூடத் தேவையில்லை, எமோஜியே போதும்.

கூச்சத்தில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் பணம். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழைத்தால், வங்கி வழியாகப் போன தொகையைப் போன கணக்கிலேயே முடக்க வாய்ப்புண்டு. பிட்காயின் போலல்லாமல் யுஎஸ்டிடியை வெளியிடும் நிறுவனமே ஒரு முகவரியை முடக்க முடியும், ஆனால் கைமாறுவதற்கு முன் போலீஸ் கேட்க வேண்டும். பரிவர்த்தனை ஹேஷ் (கிரிப்டோ அனுப்பியதன் அடையாள எண்), முகவரி, வங்கி யுடிஆர் எண், முழு சாட், எதையும் அழிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டதை மோசடிக்காரனிடம் சொல்லித் திட்டவும் வேண்டாம்.

அந்தப் பின்னூட்டங்களுக்கு நடுவிலேயே ஒரு மகான், ‘தொலைந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும்’ என்று வாட்ஸ்அப் எண் போட்டிருக்கிறார். சிரித்தவர்களில் இரண்டு பேர் அதற்கு லைக்கும் போட்டிருக்கிறார்கள்.