யாரும் பார்க்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது

கடலில் எண்ணெய் என்றதும் 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்தது போன்ற பெருவிபத்துகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அதைவிட ஆத்திரமூட்டுவது, தெரிந்தே செய்யப்படும் அன்றாடக் குற்றம். கப்பலின் என்ஜின் அறைக்கு அடியில் எண்ணெய் கலந்த கழிவுநீர் சேரும். அதைச் சுத்திகரித்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நிலையில்தான் கடலில் விடலாம் என்கிறது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கை. துறைமுகத்தில் ஒப்படைத்தால் பணமும் நேரமும் செலவாகும் என்பதற்காக, இருட்டில் அப்படியே திறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

அந்த இருட்டு இப்போது அவர்களுக்கு மறைவிடம் அல்ல. சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடாருக்குப் பகல் இரவு பேதமில்லை, மேகமும் தடையில்லை. காற்றில் எழும் சிற்றலைகள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். சாம்பல் நிறக் கடலில் பல கிலோமீட்டர் நீளும் கறுப்புத் தாரை. ஒரு முனை அகன்று கலைந்திருக்கும், மறுமுனை கூராகி ஒரு வெண்புள்ளியில் முடியும். அந்தப் புள்ளிதான் கப்பல்!

2014 முதல் 2019 வரை எடுக்கப்பட்ட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடார் படங்களை அலசிய ஆய்வு ஒன்று 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கடலில் தொடர்ந்து காணப்படும் எண்ணெய்ப் படலங்களின் பரப்பில் 94 சதவீதம் மனிதர்களால் வந்தது என்றது அது. கப்பல்கள் மட்டுமல்ல, குழாய்கள், எண்ணெய்த் தளங்கள், நிலத்திலிருந்து வரும் கழிவு எல்லாம் இதில் அடக்கம். முந்தைய மதிப்பீடுகளோ ஏறத்தாழ பாதிப் பழியை இயற்கையான கசிவின் மேல் போட்டிருந்தன.

காற்றே இல்லாத கடலும் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும், பாசிப் படலமும் ஏமாற்றும் என்பது உண்மை. அதனால்தான் படத்தோடு நின்றுவிடாமல், நேரில் போய் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். எண்ணெய்ப் படலங்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க ஐரோப்பாவில் 2007 முதல் இயங்கும் கிளீன்சீநெட் சேவை, செயற்கைக்கோள் கடந்த சிறிது நேரத்திலேயே கரையோர நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறது. செயற்கைக்கோளுக்குக் கோடிகளைக் கொட்டும் அரசுகள், ரோந்துப் படகுக்கும் மாதிரி எடுக்கும் ஆளுக்கும் கணக்குப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெல்லிய படலம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். படகு தாமதமாகப் போனால் அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. சரி, கப்பல் எங்கே போய்விடும்? அடுத்த துறைமுகத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? எண்ணெய்க் கழிவை எங்கே, எப்போது அகற்றினார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேடு கப்பலில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டையும் ரேடார் படத்தையும் அருகருகே வைத்து, தேதியும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பதில் கிடைக்கும்வரை கப்பலை விடாதீர்கள்.